'சோறே போடுறதில்லை' என்று சொல்லும் பாட்டி... வீம்பா, டிமென்ஷியாவா? கேரளா, கோவா ஆய்வுகள் சொல்வது என்ன?

காலையில் நன்றாகச் சாப்பிட்ட பாட்டி, பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து, "எனக்கு இந்த வீட்ல சோறே போடுறதில்லை" என்கிறார். கேட்பவர்கள் மருமகளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மருமகளோ, "வேணும்னே பண்றாங்க" என்று குமுறுகிறார். பல வீடுகளில் நடக்கும் காட்சி இது. இதில் யார் மீது தப்பு?

யார் மீதும் இல்லை. அது டிமென்ஷியா என்னும் மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

டிமென்ஷியா என்றால் என்ன?

மூளையைப் பாதிக்கும் நோய்களால் நினைவாற்றல், சிந்தனை, பேச்சு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைவதே டிமென்ஷியா. இதில் அல்சைமர்தான் அதிகம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

பெயர் உண்டு, நோய் என்ற எண்ணம் இல்லை

கேரளாவின் திருச்சூரைச் சேர்ந்த மனநல மருத்துவர் கே.எஸ்.ஷாஜி, முதியோர் மனநலத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். '10/66' என்ற சர்வதேச டிமென்ஷியா ஆய்வுக் குழுவிலும் பங்கேற்றவர். அதென்ன 10/66? குழு தொடங்கிய காலத்தில், டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கு நடக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டவே இந்தப் பெயர். சென்னையிலும் வேலூரிலும்கூட இந்தக் குழு ஆய்வு நடத்தியது.

முதியவர்களின் இந்த நிலையை கேரளாவில் 'சின்னன்' என்பார்கள். குழந்தைத்தனம் என்று பொருள். கோவாவில் 'களைத்துப்போன மூளை' என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. ஆக, மக்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள்.

பழி யார் மேல் விழுகிறது?

கோவாவில் விக்ரம் படேல், மார்ட்டின் பிரின்ஸ் ஆகிய மனநல மருத்துவர்கள் நடத்தி 2001-ல் வெளியான ஆய்வில், 'பிள்ளைகள் அன்பாகப் பார்த்துக்கொள்ளாததால்தான் இப்படி ஆகிறது' என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது தெரியவந்தது. பெற்றோரைப் பேணுவது பெரிய கடமையாகக் கருதப்படும் ஊரில், நோயின் அறிகுறியே குடும்பத்தின் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

ஷாஜி குழுவினர் கேரளாவில் பராமரிப்பாளர்களிடம் பேசியபோது இதன் இன்னொரு பக்கம் தெரிந்தது. பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். மகள்கள் அல்லது மருமகள்கள். நோயின் அறிகுறிகளை, வேண்டுமென்றே செய்யும் சேட்டை என்றே அவர்கள் நினைத்தார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் கைகொடுக்காததால் அவர்களின் மனநலமும் கெட்டது.

தீர்வு எங்கே இருக்கிறது?

பெரிய மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஷாஜி குழு, அங்கன்வாடி பணியாளர்களுக்குச் சில மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்தது. அவர்கள் அடையாளம் காட்டிய முதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு டிமென்ஷியா இருப்பதை மருத்துவர் உறுதிசெய்தார்.

கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து, 2008-ல் வெளியான ஆய்வும் முக்கியமானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடு தேடிப் போய் நோயைப் பற்றி விளக்கினார்கள்; நடத்தை மாற்றங்களைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதங்களில் பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

* "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாட வேண்டாம். "கொஞ்ச நேரத்துல தரேன்மா" என்று சொல்லி, பேச்சை மாற்றுங்கள்.
* சாப்பாடு, குளியல், தூக்கம் ஆகியவை தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.
* மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்னை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.
* ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் காத்திருக்காதீர்கள். அது தொற்று போன்ற உடல்நலக் கோளாறாக இருக்கலாம்.
* அக்கம்பக்கத்தினரிடம் இது நோய் என்று சொல்லிவிடுங்கள். வீண் பழி குறையும்.
* ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள். மகன், பேரன் என எல்லோரும் முறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

முதியோர் உதவி எண்: 14567. மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ்: 14416. பராமரிப்பவர்களும் தங்கள் மனச்சோர்வுக்காக டெலி மனஸில் பேசலாம்.

டிமென்ஷியாவின் பெரும்பாலான வகைகளை முழுமையாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஆனால், 'வேணும்னே பண்றாங்க' என்ற எண்ணம் போனாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும். பாட்டிக்கும் நிம்மதி, மருமகளுக்கும் நிம்மதி.