ஓராசிரியரும் உடனாசிரியரும்: மலாயா, சிங்கப்பூர்த் தொடக்கநிலைத் தமிழாசிரியரின் தொழில் வளர்ச்சி

தமிழ்க்கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பள்ளிகளை எண்ணுவர்; மாணவர் தொகையைக் கூறுவர்; கல்விச் சட்டங்களை ஆண்டு வாரியாக அடுக்குவர். ஒருவர் ஆசிரியராக எவ்வாறு உருவானார், பணியில் சேர்ந்தபின் யாரிடம் கற்றார் என்னும் கேள்விக்கு அவ்வரலாறுகளில் சில வரிகளே கிடைக்கும். இவ்வுரை அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கநிலைத் தமிழாசிரியர் நெடுங்காலம் தனியாளாகவே பணிபுரிந்தார். முறையான பயிற்சி அவருக்குப் பிந்தியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் தொழிலைக் கற்றது பெரும்பாலும் உடனாசிரியரிடம்தான். உடனாசிரியர் வாய்க்காத இடத்தில் தொழிலும் வளரவில்லை என்பது என் கருத்து.

1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை நாம் தமிழ்க்கல்வியின் பிறந்த ஆண்டாகக் கொள்கிறோம். அவ்வகுப்பும், பின்னர்த் துறைமுக நகரங்களில் தோன்றிய சில வகுப்புகளும் நீடித்து நிலைக்கவில்லை. தமிழாசிரியர் என்னும் தொழிலாளர் கூட்டம் இம்மண்ணில் தோன்றியது ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பிறகே. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருப்பின் அங்கே பள்ளி அமைய வேண்டும் என்றது. பள்ளி அமைய வேண்டும் என்ற சட்டம், அதில் கற்பிப்பவர் கற்றவராக இருக்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ, சில இடங்களில் பால்மரம் வெட்டும் தொழிலாளருள் ஒருவரோ, வாத்தியார் ஆனார்.

அந்த வாத்தியாரின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு முடிந்து பெற்றோர் காட்டுக்குச் சென்றபின் அவர் பள்ளியைத் திறப்பார். பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் அறை. லயத்தின் கோடியிலோ ஆயாக் கொட்டகைக்கு அருகிலோ இருக்கும். அந்த ஓர் அறையிலேயே அரிச்சுவடி தொடங்குபவரும் வாசகம் படிப்பவரும் கணக்குப் போடுபவரும் அமர்ந்திருப்பர். கையிலுள்ள புத்தகம் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தது. அதில் வரும் ஆறும் ஊரும் பயிரும் பிள்ளைகள் கண்டறியாதவை. ரப்பர் மரத்தடியில் வளரும் பிள்ளைக்கு நெல் வயலை விளக்க வேண்டிய பொறுப்பு, அதை விளக்கப் பயிற்சி பெறாத ஒருவர் மேல் விழுந்தது. பள்ளி முடிந்தபின் ஊருக்குக் கடிதம் எழுதித் தரவும், கோயில் திருவிழாக் கணக்குப் பார்க்கவும் அவரையே அழைப்பர். தோட்டத்தில் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் "இந்தக் கழித்தல் கணக்கைப் பிள்ளைகள் ஏன் தவறாகவே போடுகிறார்கள்?" என்று கேட்க, அதே தொழில் செய்யும் இன்னொருவர் அங்கே இல்லை.

பல வகுப்புகளை ஒருவரே நடத்த வேண்டிய நிலையில் அவருக்குத் துணைநின்றது நம் திண்ணைப் பள்ளி மரபு. மூத்த மாணவன் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையைத்தான் சொல்கிறேன். இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றைக் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கக்கூடும் என்பதையும் தம் பள்ளியில் கையாண்டார். நாடு திரும்பி 1797இல் அதை நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. செலவு குறைந்த முறை என்று அங்கே அது புகழப்பட்டது. தோட்டத்து வாத்தியாருக்கோ அது சிக்கனமன்று, வேறு வழியின்மை. பன்னிரண்டு வயதுச் சட்டாம்பிள்ளையே அவருடைய ஒரே உடனாசிரியர்.

1930இல் தமிழ்ப்பள்ளிகளுக்கென ஆய்வாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆய்வாளர் வருகை பள்ளிகளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆய்வாளர் முன் ஆசிரியர் தம் குறையை மறைப்பார். உடனாசிரியரிடம்தான் அதை வாய்விட்டுச் சொல்வார். 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் காண இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் வந்தார். அவரது அறிக்கை மறு ஆண்டு வெளியாயிற்று. அந்த ஆண்டுகளை ஒட்டியே தமிழாசிரியருக்கு முறைப்பட்ட பயிற்சி என்னும் எண்ணம் வேர்விடத் தொடங்கியது. அது தழைக்குமுன் போர் வந்தது. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத்து மக்கள் கொண்டுசெல்லப்பட்ட காலத்தில் பள்ளியைப் பற்றிப் பேச ஆளில்லை.

போருக்குப் பிந்திய பத்தாண்டுகளே இவ்வரலாற்றின் வளமான பகுதி. ஆசிரியர் அறை இல்லாத ஆசிரியர்களுக்கு நாளிதழ்களே ஆசிரியர் அறையாயின. கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 1950இல் கதை வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினர். கதை எழுதும் கலையை இதழில் பாடமாகத் தந்து, பங்கேற்போர் எழுதி அனுப்புவதை மதிப்பிட்டனர். எழுதி அனுப்பியோருள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர். பின்னர் 1953இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்று வந்த கு. அழகிரிசாமி 1957 வரை இங்கிருந்தார். அவரைச் சுற்றியும் ஓர் இலக்கிய வட்டம் கூடியது. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவற்றை மலேசியச் சிறுகதையின் வளர்ச்சியாகவே பதிவு செய்கின்றனர். அது சரியே. ஆனால் கல்வி வரலாற்றிலும் இவற்றுக்கு இடமுண்டு என்பேன். நாள்தோறும் சிவப்பு மையால் பிறர் எழுத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் எழுத்து திருத்தப்படுவதை ஏற்றுக்கொள்ளப் பழகிய இடம் அது. பல கல் தொலைவில் வேறொரு தோட்டத்தில் தம்மைப் போன்ற ஒருவர் இருக்கிறார் என்பதையும், தம்மினும் நன்றாக அவர் எழுதுகிறார் என்பதையும் அவர் அச்சில் கண்டார்.

தெற்கே சிங்கப்பூரில் இதே காலத்தில் அமைப்புகள் உருப்பெற்றன. 1951இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் தோன்றியது. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளை முன்னின்று நடத்தினார். சங்கம் என்றவுடன் ஊதியக் கோரிக்கை நினைவுக்கு வரும், அதுவும் வேண்டியதே. ஆனால் விழாவுக்குப் பிள்ளைகளைப் பேச்சுக்கும் கட்டுரைக்கும் ஆயத்தப்படுத்திய ஆசிரியர்கள், ஒரே மேடையில் பிற பள்ளி மாணவரின் உச்சரிப்பைக் கேட்டார்கள். லகர ளகர ழகரம் எந்தப் பள்ளியில் தெளிவாக ஒலிக்கிறது என்பது ஊரறியத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி ஆசிரியரிடம் வழி கேட்கத் தயக்கம் குறைந்தது.

மலாயாவில் 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பொதுப் பாடத்திட்டம் வந்தது. தோட்ட நிர்வாகத்தின் கையை எதிர்பார்த்து நின்ற ஆசிரியர், நாட்டின் ஆசிரியருள் ஒருவரானார். நாடு விடுதலை பெற்றபோது தமிழ்ப்பள்ளிகள் 800க்கும் மேல் இருந்தன. இன்று அவை 500க்குச் சற்று மேல். 1983இல் நாடெங்கும் நடப்புக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம் படித்தல், எழுதுதல், எண்ணுதல் என்னும் 3எம் திறன்களை முன்வைத்துப் புதிய கற்பித்தல் முறைகளை வேண்டியது. அம்முறைகள் மேலிருந்து கீழாக, முதன்மைப் பயிற்றுநர் சிலருக்கும் அவர் வழியே பிறருக்கும் என, படிப்படியாக இறக்கப்பட்டன. இத்தகைய பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் சிறிது கரைந்துபோகும். தலைநகரில் மூன்று நாள் விளக்கப்பட்டது, தோட்டப் பள்ளியில் ஒரு பிற்பகல் கூட்டமாய்ச் சுருங்குவது இயல்பு.

சிங்கப்பூரின் பாதை வேறாயிற்று. 1946இல் தொடங்கி, 1960இல் உயர்நிலை வகுப்புகளையும் பெற்ற உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் காலம் முடிந்தது. தமிழ், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான இருமொழிக் கல்வியில் தாய்மொழிப் பாடமாகத் தொடர்ந்தது. இதில் ஒரு முரண் உண்டு. தோட்டத்து வாத்தியாருக்கு உடனாசிரியரே இல்லை. சிங்கப்பூர்த் தமிழாசிரியருக்கோ பெரிய ஆசிரியர் அறை உண்டு, அதில் தமிழ் கற்பிப்போர் மிகச் சிலர். கணித ஆசிரியரிடம் வகுப்பறை ஒழுங்கைப் பற்றிப் பேசலாம். வல்லினம் மிகும் இடத்தைப் பிள்ளைக்கு எப்படி உணர்த்துவது என்று பேச இயலாது. பழைய பள்ளியின் பெயரைத் தாங்கிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் கூடும் இடமாகவும், காலப்போக்கில் ஆசிரியர் கூடிக் கற்கும் இடமாகவும் அமைந்தது இத்தேவையால்தான்.

கூடிப் பேசாமல் தீராத சிக்கல்களும் வந்தன. தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தை இந்நாடுகளும் பின்பற்றின. ணா, றா, னா தொடங்கி ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய கொம்பை எழுதிப் பழகிய கை, கரும்பலகையில் புதிய வடிவத்தை எழுத வேண்டும். வீட்டில் தாத்தா பழைய வடிவத்தைச் சொல்லித் தருவார். வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டால் பிள்ளை குழம்பும். எல்லா ஆசிரியரும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டும்.

இன்னும் கடினமானது பேச்சுத் தமிழ். 2005இல் சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, தரமான பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்றது. 'அவர்கள் வந்தார்கள்' என்று மட்டுமே கற்பித்த நா, 'அவங்க வந்தாங்க' என்று வகுப்பில் சொல்ல வேண்டிய நிலை. இது தமிழுக்கு இழுக்கு என்று மனம் நொந்த ஆசிரியர் உண்டு. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு இதைவிட்டால் வழியில்லை என்று கருதியவரும் உண்டு. இருசாராரும் ஒப்புக்கொண்டாலும் அடுத்த கேள்வி நிற்கிறது: எது தரமான பேச்சு? தஞ்சை வழக்கா, நெல்லை வழக்கா, இங்கேயே பிறந்து வளர்ந்த வழக்கா? அச்சிட்ட நூல் இதற்கு முழு விடை தராது. ஒருவர் பேச மற்றவர் கேட்டு, "இது வட்டார வழக்கு, இது பொது" என்று தம்முள் இசைந்தாலன்றி வகுப்பில் ஒருமை வாராது.

இத்தகைய இசைவுக்கு ஏற்ற கருவி என்று இன்று நாம் பேசும் பாட ஆய்வு, ஜப்பானியத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் மரபு. 1999இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் எனும் இரு அறிஞர் எழுதிய நூலால் அது உலகறிந்தது. சில ஆசிரியர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் நடத்துவார், மற்றவர் வகுப்பின் ஓரத்தில் நின்று ஆசிரியரையன்று, மாணவரையே கவனிப்பர். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலை நிறுத்தினாள் என்று குறிப்பர். பின்பு பேசித் திருத்தி, வேறொருவர் மீண்டும் நடத்துவார். 2009 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கற்றல் குழுக்கள் பரவின. மலேசியாவிலும் அடுத்த சில ஆண்டுகளில் அவை வந்தன. பாட ஆய்வு அவற்றின் வழிகளுள் ஒன்று. படிவம் நிரப்பி, படம் எடுத்து, கோப்பில் சேர்த்து முடித்துவிடும் போக்கும் உடன் வந்தது. ஆணையால் ஆசிரியரை ஓர் அறையில் அமர்த்தலாம்; தம் பாடம் சரியாக நடக்கவில்லை என்று ஒருவரை அங்கே சொல்லவைக்க முடியாது.

இன்று கைப்பேசிக் குழுக்களில் பயிற்சித்தாள்கள் இரவோடிரவாக நாடு முழுதும் சென்றுவிடுகின்றன. இது பெரிய உதவி. எனினும் பயிற்சித்தாள் பயணம் செய்கிறதேயன்றி, பாடம் பயணம் செய்வதில்லை. அதை நேரில் பார்த்தாக வேண்டும். மலேசியாவில் 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகின்றனர். தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை அவ்வகை. அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க ஆசிரியர்களே இருப்பர். இரு வகுப்பை இணைத்து ஒருவரே நடத்துவதும் உண்டு. அத்தகைய பள்ளி ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஒரு பாடத்தைக் காணச் செல்ல விரும்பினால், அந்த ஒரு மணி நேரம் அவர் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது? அவருடைய கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னும் கட்டம் இல்லை.