செம்மயிற்கொன்றை: ஒரு மரத்தின் பெயர் வரலாறு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரங்களில் குடைபோல் விரிந்து, செந்நிறப் பூக்களால் தழல்போல் தோன்றும் மரம் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், அதன் தமிழ்ப்பெயர் யாது என மாணவர் வினவினால் ஒரே விடை கிடைப்பதில்லை. செம்மயிற்கொன்றை என்பார் சிலர்; நெருப்புக்கொன்றை என்பார் சிலர்; குல்மொகர் என்னும் வடநாட்டுப் பெயரையே வழங்குவாரும் உளர். இவற்றுள் எதனை நாம் வகுப்பறையில் கொள்வது? அம்மரம் பெயர்பெற்ற வரலாறே இதற்கு வழிகாட்டும்.

இம்மரத்தின் தாயகம் மடகாஸ்கர். பொகீமியாவிற் பிறந்து மொரீசியசில் பணியாற்றிய தாவரவியலாளர் வென்செஸ்லாஸ் போயர், 1820களில் இதனை அத்தீவில் கண்டு, 'பொயின்சியானா ரெஜியா' எனப் பெயரிட்டார். அப்பெயரை வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1829இல் கர்ட்டிசின் தாவரவியல் இதழில் விளக்கத்துடனும் படத்துடனும் வெளியிட்டார். 'ரெஜியா' என்பது அரசர்க்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் அடை. 'பொயின்சியானா' என்பது, 17ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டி புவான்சியின் நினைவாக அமைந்த பேரினப் பெயர். லின்னேயஸ் அப்பேரினத்துள் முன்னரே வைத்திருந்தவற்றுள் ஒன்று, நாம் மயிற்கொன்றை என அழைக்கும் குறுமரம்.

புதிதாகக் கண்ட மரத்தை, முன்பே அறிந்த மயிற்கொன்றையின் இனத்திற் சேர்த்து, வேறுபாடு தோன்ற ஓர் அடையைப் போயர் இணைத்தார். தமிழ் செய்ததும் இதுவே. 'செம்மை' என்னும் பண்புப்பெயர் ஈறு கெட்டு 'மயிற்கொன்றை'யோடு புணர்ந்து 'செம்மயிற்கொன்றை' ஆயிற்று. இரு மரபுகளும் ஒரே உறவைக் கண்டு ஒரே முறையிற் பெயரிட்டுள்ளன. இலத்தீனில் இனப்பெயர் முன்னும் அடை பின்னும் நிற்கும். தமிழில் அடை முன்னும் இனப்பெயர் பின்னும் நிற்கும். வேறுபாடு சொற்கிடக்கையில்தான்.

மயிற்கொன்றையும் இவ்வாறு பிறந்த பெயரே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பரவிய அச்செடியின் நீண்டு வளைந்த மகரந்தத் தாள்கள் மயிலின் கொண்டையை நினைவூட்டுவன. 'மயில்' என்பதன் ஈற்று லகரம் வல்லினம் வர றகரமாகத் திரிந்து 'மயிற்கொன்றை' ஆயிற்று. இவ்விரண்டிற்கும் அடிப்படையான கொன்றை, பொன்னிறப் பூங்கொத்துகள் சரம்சரமாகத் தொங்கும் மரம். பிற கொன்றைகளினின்று பிரித்துக்காட்ட இன்று அதனைச் சரக்கொன்றை என்கிறோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறுவதும், சிவபெருமான் சூடுவதும், 'கொன்றைவேந்தன்' என்னும் நூற்பெயரில் நிற்பதும் இக்கொன்றையே. இம்மூன்று மரங்களையும் இன்றைய தாவரவியலும் அவரைக் குடும்பத்தின் ஒரே துணைக்குடும்பத்துள் வைக்கிறது.

இலத்தீன்பெயர் பின்னர் மாறியது. செம்மயிற்கொன்றைப் பூவின் ஐந்து இதழ்களும் அடியில் நீண்டு குறுகி, உகிர்போன்ற காம்புடையன. மேலிதழில் மட்டும் வெண்மையும் மஞ்சளும் கலந்திருக்கும். உகிர்போன்ற அக்காம்பு வெளிப்படத் தோன்றுதலைக் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களால் 'டெலோனிக்ஸ்' என்னும் பேரினத்தை 1837இல் ரபினெஸ்க் அமைத்தார். பேரினம் மாறினும் 'ரெஜியா' என்னும் அடை மாறவில்லை. முதலில் இட்ட அடையைப் போற்றுவது தாவரவியலார் விதி. பின்னர், மதராஸ் மாகாணத் தாவரங்களைத் தொகுத்த காம்பிள், தமிழகத்து வாதநாராயணனையும் டெலோனிக்ஸ் இனத்துட் சேர்த்தார். அவ்வுறவைத் தமிழ்ப்பெயர் காட்டாது. வாதநோய்க்கு மருந்தாகும் பயனை நோக்கி அம்மரத்திற்குப் பெயரிட்டனர். செம்மயிற்கொன்றைக்கோ தோற்றத்தை நோக்கிப் பெயரிட்டனர். தோற்றமும் பயனும் தமிழ்ப் பெயரீட்டின் இரு வழிகள்.

ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தாலென்ன என்று கேட்கலாம். இந்நாடுகளில் 'ஃபிளேம் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்பது இம்மரத்தையே குறிக்கும். இந்தியாவிலோ அப்பெயர் புரசமரத்திற்கு உரியது. எனவே அதன்வழி அமைக்கும் தமிழ்ப்பெயர் இரு மரங்களை மயங்கவைக்கும். மலாய் மொழி தன் போக்கில் 'செமாராக் அப்பி' எனத் தீயின் பொலிவைச் சுட்டிப் பெயர் கொண்டது. நெருப்புக்கொன்றை என்னும் பெயரும் அத்தகைய அழகுடையதே. எனினும், மயிற்கொன்றையோடுள்ள உறவையும் நிறத்தையும் ஒருங்கே உணர்த்தும் செம்மயிற்கொன்றையே பொதுவழக்கிற்கு ஏற்றது என்பது நம் கருத்து.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்: அடையை விட்டு, இம்மரத்தை வெறுமனே கொன்றை என்று சுட்டுதல் ஆகாது. சாலையோரச் செம்மரத்தைக் கொன்றை எனக் கற்ற மாணவர், சங்கப் பாடலில் வரும் கொன்றையையும் செந்நிறமாகவே எண்ணுவர். கார்காலத்து முல்லைநிலத்தில் புலவர் கண்ட பொன்னிறம் அவர்க்குப் புலப்படாது. கொன்றை, மயிற்கொன்றை, செம்மயிற்கொன்றை ஆகிய மூன்றையும் பூவோடு காட்டிக் கற்பிப்பின், புணர்ச்சி விதியும் இலக்கியப் பொருளும் ஒருசேர விளங்கும்.