உப்புநீர்த் தொட்டி முதல் வளைகோடு வரை: மேடை ஒளி மங்கலின் வரலாறு

மேடை ஒளியமைப்பு மென்பொருளில் ஒரு விளக்கைச் சேர்ப்பவர், அது எந்த வளைகோட்டின்படி மங்க வேண்டும், ஒரே விளக்குக்கு இரண்டு கட்டளைகள் வந்தால் எது செல்லும், எல்லாவற்றையும் ஆளும் கிராண்ட் மாஸ்டர் எந்தச் சேனல்களைத் தொட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முற்காலத்தில் கருவியின் இயற்பியல் தன்மையே இவற்றைத் தீர்மானித்தது; அத்தன்மைகள் படிப்படியாகப் பயனர் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1881இல் லண்டன் சவாய் அரங்கு ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட பின், ஒளியைக் குறைப்பது மின்னோட்டத்தைத் தடுக்கும் கலையாயிற்று. உப்புநீர் நிரம்பிய தொட்டியில் உலோகத் தகட்டை இறக்கினால் மின்னோட்டம் கூடும், ஏற்றினால் குறையும். அதனினும் நம்பகமான மின்தடைக் கம்பிச் சுருள்களுக்கும் ஒரு குறை இருந்தது: 1000 வாட் விளக்குக்கென அமைத்த சுருளில் 250 வாட் விளக்கை மாட்டினால் அது முழுமையாக அணையாது. ஆகவே பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் வேறொரு விளக்கையும் எரியவிட்டுச் சுமையைச் சரிக்கட்டினர். மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாயிற்று.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஐசனவர் 1947இல் உருவாக்கிய கட்டுப்பாட்டு மேசை இந்நிலையை மாற்றியது. தைரட்ரான் எனும் வாயுக்குழல், மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் எத்தருணத்தில் மின்சாரத்தைத் திறந்துவிடுவது என்பதை மாற்றியே ஒளியைக் கூட்டிக் குறைத்தது. இதனால் வெப்ப இழப்பு குறைந்ததைவிட முக்கியமானது, கட்டளையும் மின்சக்தியும் பிரிந்தன என்பதே. கனத்த மின்கம்பிகளின் அருகில் நின்றவர் பார்வையாளர் பக்கம் வந்தமர்ந்து, மேடையைப் பார்த்துக்கொண்டே ஒளியை இயக்க முடிந்தது. பின்னர் தைரட்ரானின் இடத்தைச் சிலிக்கான் குறைகடத்திகள் பிடித்தன. 0 முதல் 10 வோல்ட் வரையிலான சிறு மின்னழுத்தமே கட்டளையாகப் பரவலாயிற்று. ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு நெம்புகோல்களின் (ஃபேடர்களின்) மின்னழுத்தங்களை டையோடுகள் வழியாக இணைத்தபோது உயர்ந்ததே கடந்து சென்றது. ஒளிர்வில் உயர்ந்த மதிப்பே வெல்லும் என இன்றைய மென்பொருள்கள் கடைப்பிடிக்கும் விதி இவ்விணைப்பின் இயல்போடு ஒத்தது.

1975இல் ஒளி வடிவமைப்பாளர் தாரன் மஸ்ஸர் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்காகக் கணினி நினைவகமுடைய மேசையைப் பிராட்வேக்குக் கொண்டுவந்தார். 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்த டிஎம்எக்ஸ்512 நெறிமுறை, ஒரே கம்பியில் 512 சேனல்களையும் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான மதிப்பையும் அனுப்பியது. டங்ஸ்டன் விளக்குகளுக்கு இந்த மதிப்புப் படிகள் போதுமானவையாக இருந்தன. சூடான இழை உடனே குளிராததால், படிக்கும் படிக்கும் இடையிலான தாவலை அதுவே மழுங்கச் செய்தது.

எல்இடி விளக்கில் அத்தகைய தாமதம் இல்லை. ஒளி நேர்விகிதத்தில் கூடுமானால், மதிப்பு 1இலிருந்து 2க்கு ஏறும்போதே அது இரட்டிப்பாகிறது; மங்கலில் கூர்மையடையும் கண்ணுக்கு அது துள்ளலாகத் தெரிகிறது. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, இரண்டு சேனல்களை இணைத்து 65,536 படிகளைப் பெறும் 16 பிட் முறை. மற்றது, ஃபேடர் பாதியில் நிற்கும்போது காற்பங்கு ஒளியே தரும் இருமடி வளைகோடு. கண் அதை ஏறத்தாழப் பாதி வெளிச்சமாகவே உணர்கிறது. ஆனால் விளக்கின் உள்ளமைப்பிலும் மென்பொருளிலும் இதே வளைகோட்டை வைத்தால், பாதி ஃபேடருக்கு 6.25 விழுக்காடு ஒளியே மிஞ்சும். இரண்டில் ஒன்றை நேர்கோடாக விடுவதே முறை.

திறமூல மென்பொருளான கியூஎல்சி பிளஸ், வளைகோட்டைச் சேனல் மாற்றி என்ற பெயரில் தருகிறது. அதன் கிராண்ட் மாஸ்டர், மதிப்புகளை விகிதப்படி குறைக்கவோ ஓர் உச்சவரம்பில் நிறுத்தவோ வல்லது. தனி ஒளிர்வுச் சேனல் இல்லாத வண்ண விளக்கில் இத்தேர்வு நிறத்தையே தீர்மானிக்கும்: சிவப்பு 200, நீலம் 80 எனில், விகிதப்படி பாதியாக்கும்போது 100, 40 என்றாகி நிறம் நிலைக்கிறது; வரம்பை 100இல் வைத்தாலோ 100, 80 என்றாகி ஊதாவை நோக்கிச் சாய்கிறது. அதே சேனல் மாற்றிகளின் வரிசையில் முன்சூடேற்றமும் இடம்பெறுகிறது. டங்ஸ்டன் இழை திடீரென எரிந்து பழுதாகாதிருக்கச் சிறிது மின்சாரம் எப்போதும் ஓடவிடும் பழைய வழக்கம் அது. சூடேற்ற இழையே இல்லாத எல்இடியில் அதை வைத்தால், ஃபேடர் பூச்சியத்துக்கு இறங்கிய பின்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.