பன்னிக்கு வச்ச கண்ணி

காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தாத்தா ஏழு மாடுகள் வைத்திருந்தார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அதில் ஒரு கன்று கம்பிக் கண்ணியில் காலை விட்டு, இரவெல்லாம் இழுத்து, விடியும்போது எலும்பு தெரியக் கிடந்தது. பன்றிக்கு வைத்த கண்ணி. வைத்தவர் யாரென்று தாத்தாவுக்குத் தெரியும். சண்டைக்குப் போகவில்லை. "அவன் வைக்கலேன்னா மேடு பூரா பன்னி கெளறிடும். அப்புறம் மாட்டுக்குப் புல்லு ஏது?" என்றதோடு சரி.

செம்பனை வளர்ந்து நிழல் கட்டியபின் அடியில் புல் அரிது. ஓடையோரம், பாதையோரம் என்று மாடு தேடித்தேடி மேயும். மண்புழுவுக்கும் கிழங்குக்கும் பன்றி கிளறுவதும் அதே ஈரமண்ணைத்தான். இரண்டும் ஒரே குட்டையில் இறங்கும். கோமாரி இரண்டுக்கும் வரும். அதனால் மாடு வைத்திருந்தவர்களுக்கு வேட்டைக்காரன் வேண்டியிருந்தான்.

துப்பாக்கி இல்லாமல் ஏன் கண்ணி? 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் துப்பாக்கி துரை பங்களாவில் இருந்தது, காவலர் கையில் இருந்தது, லயத்தில் இல்லை. 1960இல் அவசரகாலம் முடிந்தும் அந்தப் பயம் முடியவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் ஆட்களிடம் இருந்தவை நாய், பாராங், பழைய பிரேக் கேபிள். ஆனால் கறி எல்லா வீட்டுக்கும் பங்கு வரும். மாட்டுப் பொங்கலுக்குப் பசுவுக்குக் குங்குமம் வைக்கும் பாட்டிதான் காட்டுப்பன்னிக்கு மிளகு கூட்டி அரைப்பார்.

பன்றி ஏன் இவ்வளவு பெருகியது என்று வேலைக்குப் போன பிறகுதான் படித்தேன். 1961இல் ஜொகூரின் தாயிப் அண்டாக்கில் பெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு ரப்பர் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனையாயின. அப்போதெல்லாம் செம்பனைப் பூவுக்கு மனிதக் கைதான் மகரந்தம் சேர்க்கணும்; பாட்டியும் தூள் ஊதியவர். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன மூக்கு வண்டைக் கொண்டுவந்து, எங்கள் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில்தான் முதலில் விட்டார்கள். பூவில் காய் பிடிப்பது கூடியது, பாட்டியின் வேலை போனது. உதிரும் பழம் வருஷம் முழுக்கப் பன்றிக்குத் தீனி.

நெகிரி செம்பிலானில், செம்பனை சூழ்ந்த பாசோ காட்டில் கேலன் இக்கஸ் என்ற ஆய்வாளர் பன்றிகளை எண்ணினார். சதுர கிலோமீட்டருக்கு 1996இல் 47, 1998இல் 27. ஒரு காட்டுக்கு இது மிக அதிகம். இரண்டு காரணங்கள் சொன்னார்: அருகில் செம்பனைப் பழம், புலி இல்லாமை. புலியின் முக்கிய இரையே பன்றிதான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தீபகற்பத்தில் மிஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. அவை குறைந்ததில் கண்ணிக்கும் பங்குண்டு. தாத்தா நன்றியோடு பார்த்த அதே கம்பிதான், காட்டுக்குள் போனால் புலியின் காலை அறுக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் கண்ணி வைப்பது குற்றம். பன்றியைச் சுடவும் உரிமம் வேண்டும். சரியான சட்டம்தான். தாத்தாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தில் மறுநடவு வந்தது. இளஞ்செடியின் குருத்தைப் பன்றி தோண்டித் தின்னும். ஓலையை மாடு கடிக்கும். பன்றியைச் சுட வெளியாட்கள் வருவதாகவும், மாடுகளை மாதக் கடைசிக்குள் வெளியேற்ற வேண்டும் என்றும் ஒரே தாளில் அறிவிப்பு ஒட்டினார்கள். பல வருஷமாகக் களைச்செலவை மிச்சப்படுத்திய மாடுகள். தாத்தா அதை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

"பன்னியும் மாடும் ஒரே தாளுலயா?"

ஆமாம் என்றேன். கால் நொண்டிய அந்தப் பசுவைக் கடைசியாகத்தான் லோரியில் ஏற்றினார்.