சூரிய நேரச் சலுகை யாருக்கு? வண்டலூரை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மின்கட்டமைப்பைச் சாராமல் சூரிய ஒளியைக் கொண்டே இயங்கும் மின்வாகனச் சார்ஜிங் நிலையங்களுக்கு அரசு தரும் ஆதரவுகளைத் தொகுக்கும் ஆய்வுகளில், ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பர் 17 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின் சூரிய நேரக் கட்டண விதி தவறாமல் இடம்பெறுகிறது. அந்த விதி இந்நிலையங்களுக்குப் போட்டியாகவே அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதி இதுதான்: சார்ஜிங் நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்துக்கு 2028 மார்ச் 31 வரை ஒரே பகுதிக் கட்டணம், அது சராசரி வழங்கல் செலவை மிஞ்சக் கூடாது. நேரவாரியாகப் பார்த்தால், காலை 9 முதல் மாலை 4 வரை அச்செலவின் 0.7 மடங்கு, மற்ற நேரங்களில் 1.3 மடங்கு. கணக்கு வசதிக்காகச் சராசரிச் செலவை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கொண்டால், பகலில் 7, இரவில் 13. மின்கட்டமைப்பைச் சாராமல் தனித்து நிற்கும் நிலையத்தின் சூரியத் தகடுகள் மின்சாரம் தருவதும் ஏறக்குறைய அதே 9 முதல் 4 வரைதான். தன்னிடம் சரக்கு நிறைந்திருக்கும் வேளையில் பக்கத்துக் கடையில் அரசே விலையைக் குறைத்து விற்பதை ஆதரவு என்று எப்படி எண்ணுவது?

‘ஒரே பகுதிக் கட்டணம்’ என்பதையும் கவனிக்க வேண்டும். மின்கட்டமைப்பிலிருந்து விலகி நிற்பவருக்குக் கிடைக்கக்கூடிய முதன்மை ஆதாயம், பயன்படுத்தாத மின்சுமைக்கும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்திலிருந்து தப்புவது. இணைப்பு உள்ளவருக்கே அது இல்லை என்றாகிவிட்டால் விலகி நிற்பதில் பொருளில்லை. கட்டணத்தை இறுதியில் நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்பதால் மேற்கண்ட எண்களை விலைப்பட்டியலாக வாசிக்கலாகாது. விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

இரவின் 1.3 மடங்குக் கட்டணம் தனித்த நிலையத்துக்குச் சாதகமாகாதா என்று கேட்கலாம். ஆகும், பேட்டரி இருந்தால். ஆனால் பேட்டரி வைத்திருப்பவர் பகலில் 7 ரூபாய்க்கு மின்வாரிய மின்சாரத்தையே வாங்கிச் சேமித்து, இரவின் 13 ரூபாயைத் தவிர்க்கலாம். அவருக்குத் தகடே தேவையில்லை. அந்த 6 ரூபாய் இடைவெளி பரிசளிப்பது சேமிப்பை. முந்தைய ஆய்வுகள் இதைச் சூரிய உற்பத்தியின் கணக்கில் எழுதிவிட்டன.

தேவைப்படுவது சேமிப்பே என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் கண்கூடு. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பேட்டரி வாகனங்கள் பார்வையாளர்களைச் சுமந்து ஓடுவது பகலில். சலுகை நேரமும் அதுவே. செவ்வாய்க்கிழமை விடுமுறை தவிர மற்ற நாட்களில் அவை ஓய்ந்து நிற்பதும் மின்னேற்றத்துக்குத் தோதாக இருப்பதும் கட்டணம் ஏறிய பிறகே. இத்தகைய சிறு வாகனங்களுக்குத் தனித்த நிலையம் அளவில் பொருந்தும்: நாளொன்றுக்கு 8 யூனிட் வேண்டிய ஒரு மின்ஆட்டோவுக்கு, கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்ற வழக்கமான கணக்கில், 2 கிலோவாட் தகடும் 20 சதுர மீட்டர் கூரையும் போதும்.

பேருந்துக்கு அது பொருந்தாது. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 135 மின்பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. ஒரு பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடி, கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் செலவிடுவதாகக் குறைத்தே மதிப்பிட்டாலும் அதற்கு 50 கிலோவாட் வேண்டும். 135-க்கு 6,750 கிலோவாட், ஏறத்தாழ 17 ஏக்கர். வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் முழுவதுமே சுமார் 88 ஏக்கர்தான். பணிமனைக் கூரையில் தகடு வேய்ந்தால் போதும் என்போருக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

கனரகத் தொழில் அமைச்சகத்தின் மின்வாகன ஊக்கத் திட்டமான பிஎம் இ-டிரைவின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு. பேருந்து நிலையம் போன்ற இடங்களில் இணைப்புக் கட்டமைப்புக்கு 80%, சார்ஜருக்கு 70% மானியம். மின்மாற்றி, மின்வடம், பகிர்வுப் பெட்டி எல்லாம் இணைப்புக் கட்டமைப்பில் அடங்கும். மின்மாற்றியே வேண்டாதவருக்கு அந்த 80% எதற்கு? உண்மையில் தனித்த நிலையங்களுக்கு அரசு செய்த பெரிய உதவி பணமாக வரவில்லை. மின்னேற்றம் ஒரு சேவை, அதற்கு மின்சாரச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டியதில்லை என்று 2018 ஏப்ரலில் தந்த விளக்கமே அது.

பேரிடரில் மின்கட்டமைப்பு நின்றாலும் தனித்த நிலையம் இயங்கும் என்ற மறுப்பு வலுவானது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வண்டலூர் வட்டாரத்தின் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. வெள்ளத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பது பாதுகாப்பு நடைமுறை. ஆனால் புயல்மழை கொட்டும் நாட்களில் வெயிலும் இல்லை. தகட்டால் அப்போது பயன் சொற்பம். முன்பே நிரப்பி, வெள்ளமட்டத்துக்கு மேலே வைத்த பேட்டரிதான் கைகொடுக்கும்.

ஆகவே கனரகத் தொழில் அமைச்சகம் மின்மாற்றிக்குத் தரும் அதே விகிதத்தில், இணைப்பு உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, சார்ஜிங் நிலையப் பேட்டரிக்கும் மானியம் தர வேண்டும். தகட்டுக்குத் தனி மானியம் தேவையில்லை.