அரக்கோணத்திலிருந்து கடலைத் தேடிய விமானம்



விசாகப்பட்டினம் சுற்றுலா போன நம் மாணவர் ஒருவர், அங்கே கடற்கரைச் சாலையில் நிறுத்தியிருக்கும் பெரிய விமானத்துக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தை அனுப்பி, "சார், இது குண்டு போடற பிளேனுங்களா?" என்று கேட்டிருந்தார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பாதி சரி. அதன் மூலம் சோவியத் நாட்டின் டியு-95 என்ற குண்டுவீச்சு விமானம்தான். ஆனால் படத்தில் உள்ள டியு-142, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்கென்றே மாற்றிக் கட்டப்பட்டது. 1992 முதல் 2017 வரை, 25 வருடம் அந்த விமானங்கள் குடியிருந்தது நம் தமிழ்நாட்டில், அரக்கோணத்தில்!

அது எதற்குத் தேவைப்பட்டது என்று தெரிய 1971க்குப் போக வேண்டும். அந்த நவம்பரில் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி கராச்சியில் கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் வந்துவிட்டது. நம் விக்ராந்த் கப்பல்தான் அதன் குறி. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு அருகே அது மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாட்டாரும் இன்றுவரை வேறு வேறு கதை சொல்கிறார்கள். உள்ளே இருந்த தொண்ணூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆறே நாளில் அடி நமக்கு விழுந்தது. டிசம்பர் 9 இரவு, டையூ பக்கம் பதுங்கியிருந்த 'ஹாங்கோர்' என்ற இன்னொரு நீர்மூழ்கியைத் தேடிப் போன நம் 'குக்ரி' கப்பலை அந்த நீர்மூழ்கியே டார்பிடோ போட்டுச் சாய்த்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு போனார். தேடப் போனவனே இரையானான். குக்ரியைப் பற்றிப் பாடம் எடுத்த நாட்களில் வகுப்பு அமைதியாகிவிடும், அது சிலருக்கு நினைவிருக்கலாம்.

கப்பலில் இருந்து நீர்மூழ்கியைத் தேடுவதில் உள்ள ஆபத்து இதுதான். நாம் அதைக் கேட்பதற்கு முன் அது நம்மைக் கேட்டுவிடும். விமானத்துக்கு அந்த பயம் இல்லை. இரண்டாம் உலகப் போரிலேயே இது நிரூபணமான உண்மை. நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் வந்த பிறகு, 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 40 நீர்மூழ்கிகளுக்கு மேல் இழந்து, அட்லாண்டிக்கில் பின்வாங்கியது. அதே போரின்போது, இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷாரின் கேட்டலினா கடல் விமானங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன என்பது பலருக்குத் தெரியாது.

1971ல் நமக்கு என்ன இருந்தது? விக்ராந்தில் இருந்து பறந்த சிறிய அலிஸே விமானங்கள். நெடுந்தூரக் கண்காணிப்பு விமானப்படையின் பொறுப்பு. அதற்கு அவர்கள் வைத்திருந்தது ஏர் இந்தியா பயன்படுத்திக் கழித்த சூப்பர் கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானங்கள். 1976ல் அந்தப் பொறுப்பும் பழைய விமானங்களும் கடற்படைக்கு வந்தன. அடுத்த வருடம் ஐஎல்-38 வந்தது. 1988ல் எட்டு டியு-142 வந்தன.

எப்படித் தேடும்? நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது சுலபம். இருபது தறி ஒரே நேரத்தில் ஓடும் கொட்டகையில், ஒரு தறியின் சத்தம் மாறினால் அனுபவப்பட்டவர் திரும்பிப் பார்க்காமலே எந்தத் தறி என்று சொல்லுவார் இல்லையா? அந்த வேலைதான். விமானத்தில் இருந்து சோனோபாய் என்ற மிதவைகளை வரிசையாகக் கடலில் போடுவார்கள். தண்ணீருக்குள் தொங்கும் மைக் கேட்பதை மிதவை ரேடியோவில் மேலே அனுப்பும். அலை, மழை, மீன், சரக்குக் கப்பல் என்று அத்தனை இரைச்சலுக்கு நடுவே நீர்மூழ்கியின் விசிறிச் சத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னொரு வழி காந்தம். அவ்வளவு பெரிய இரும்பு, பூமியின் காந்தப்புலத்தை லேசாகக் கலைக்கும். அதை உணரும் கருவியும் உண்டு. ஆனால் விமானம் மிகத் தாழப் பறக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற நாட்களே அதிகம். அலுப்பான வேலைதான். ஆனால் மேலே விமானம் சுற்றுகிறது என்று தெரிந்தாலே நீர்மூழ்கி தலைதூக்கத் தயங்கும். டீசலில் ஓடுவது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற மேலே வந்துதானே ஆக வேண்டும்?

அரக்கோணத்தில் போர்க்காலத்து ஓடுதளத்தைப் புதுப்பித்து, 4 கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 1992 மார்ச்சில் தளத்தைத் தொடங்கி வைத்தவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்குப் பருந்து என்று பெயர். நல்ல தமிழ்ப் பறவைகள் இரண்டு.

டியு-142 பார்க்கவே பிரமாண்டம். இறக்கை 50 மீட்டர். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். 29 வருடம் நம் கடற்படையில் விபத்தில்லாமல் பறந்து, 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் ஓய்வு பெற்றது. (என்னை விடச் சில வருடம் குறைந்த சர்வீஸ்தான்!)

அதன் இடத்தில் இப்போது போயிங் பி-8ஐ. 2013 மே மாதம் முதல் விமானம் அரக்கோணத்தில் இறங்கியது. இன்று மொத்தம் 12. கோவாவிலும் ஓர் அணி இருக்கிறது. காணாமல் போன மலேசிய விமானத்தை 2014ல் தேடியதிலும் இவை பங்கெடுத்தன. அதே வருடம் சீன நீர்மூழ்கி இரண்டு முறை கொழும்புக்கு வந்து நின்றது. நம் பனியன் கன்டெய்னர்கள் பல, தூத்துக்குடியில் ஏறி அதே கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய், வாடகை ஏறி, ஷிப்மென்ட் தள்ளிப்போனதை நம் பையன்கள் பலர் என்னிடமே புலம்பியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்து வைத்திருந்த 'ரூயன்' கப்பலை 2024 மார்ச்சில் நம் கடற்படை மீட்டது. 17 மாலுமிகள் உயிரோடு கிடைத்தார்கள், 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள். மேலே இருந்து கண்காணித்ததில் பி-8ஐயும் உண்டு.

நம் பள்ளியில் படித்து ராஜாளியிலோ கடற்படையில் வேறெங்கோ வேலை பார்த்தவர்கள் இருந்தால், சொல்லக் கூடியதை மட்டும் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.