ஃபேரிங்

மோட்டார் சைக்கிளின் முன்னால் நின்று காற்றை ஒதுக்கிவிடும் கூட்டுக்கு ஃபேரிங் என்று பெயர். அதன் வேரான ‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் அழகு. கப்பல் கட்டுவோர் அதைத் தம் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். மேடு பள்ளம் இல்லாமல், நீர் தடையின்றி வழுக்கிப்போகும் வளைவே அவர்களுக்கு ‘ஃபேர்’. அழகும் வேலைத்திறனும் ஒரே சொல்லில் சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிறகு அந்தச் சொல் விமானத்துக்குப் போனது, இரு சக்கர வண்டிக்கும் வந்தது.

ஹார்லி டேவிட்சன் 1969இல் எலெக்ட்ரா கிளைடு வண்டிக்கு வௌவால் சிறகு போன்ற ஃபேரிங்கைக் கொடுத்தது. ‘பேட்விங்’ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அதே வடிவில், க்ரூஸர்களுக்குக் கழற்றி மாட்டும் வகையும் இப்போது கிடைக்கிறது. ஃபோர்க்கில் கவ்விகளை முடுக்கிவிட்டு, கூட்டை அவற்றில் செருகிப் பூட்டினால் போதும். நெடும்பயணத்தில் நெஞ்சில் அறையும் காற்று குறையும். தோளும் கழுத்தும் தப்பும். ஊருக்குள் ஓட்டும்போது கழற்றி வைத்துவிடலாம்.

ஆனால் ஃபோர்க்கில் ஏறும் பாரம் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். பலத்த பக்கக்காற்றில் அது கைக்குத் தெரியும். மாட்டியதும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கூடு டேங்கில் முட்டக் கூடாது, கிளட்ச் கேபிள் இழுபடக் கூடாது. அதைப் பார்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.